உள்ளே இருக்கும் காவல்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கிராம சுகாதார செவிலியர் பேசியது)

கடன், வட்டி, தவணை பேசுற மேடையில இது எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். வீடு வீடாப் போறப்ப என்கிட்ட அடிக்கடி ரகசியமாக் கேக்குற கேள்வி இது: "சிஸ்டர், வெள்ளைப்படுதே, எலும்பு உருகுதா?"

எலும்பும் உருகல, சத்தும் கரையல. பிறப்புறுப்புப் பாதையை உடம்பு தன்னாலேயே சுத்தம் செய்துகொள்கிறது. அப்படி வெளியே வருவதுதான் அது. கெட்ட வாடை, அரிப்பு இல்லாமல் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருந்தால் இயல்பு. கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகவும் வரும்.

பாதையின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் அதைச் சேர்த்து வைக்கிறது. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதிலிருந்து லாக்டிக் அமிலம் தயாரிக்கின்றன. நம்ம தயிரைப் புளிக்க வைக்கிறதும் இதே அமிலம்தான். பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை, அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருகத் திணறும். 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இந்த பாக்டீரியாக்களைப் பற்றி எழுதிவிட்டார். அதுக்கும் மேலே கருப்பை வாயில கெட்டியான சளி ஒரு கதவு மாதிரி நிக்குது. கிருமியைக் கொல்லும் லைசோசைம் அதிலும் உண்டு, நம்ம கண்ணீரிலும் உண்டு.

இந்தக் காவலை நாமே விரட்டுறோம். உள்ளே சோப்பு போடுறது, கிருமிநாசினி கலந்த தண்ணியை விட்டுக் கழுவுறது. சோப்பு காரம், புளிப்பைக் குலைத்துவிடும். கிருமிநாசினிக்கு நல்லது கெட்டது தெரியாது. வெளிப்புறத்தை மட்டும், முன்னாலிருந்து பின்னால், வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். தயிர்னு சொன்னேன்னு யாரும் தயிரை எடுத்துத் தடவிடாதீங்க! ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களா வாங்கிச் சாப்பிட்டாலும் நல்ல பாக்டீரியா குறையும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் காவலும் தளரும். எரிச்சலும் சிறுநீர்த் தொற்றும் அந்த வயதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் வாடை, திரிதிரியாகக் கட்டி கட்டியாக வந்து அரிப்பு, மஞ்சள் பச்சை நிறம், அடிவயிற்று வலி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், இதில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. முப்பது வயசு தாண்டியவங்க கருப்பை வாய்ப் பரிசோதனையும் அங்கேயே செய்துக்கலாம், காசு கிடையாது.

இங்கே கேக்கக் கூச்சமா இருந்தா, சாப்பாட்டு நேரத்துல நான் அந்த வேப்பமரத்தடியில இருப்பேன். தனியா வாங்க.