ஏலச் சரக்கில் எமன்
(கள்ளக்குறிச்சி பழைய இரும்பு வியாபாரிகளிடையே ஆற்றிய உரையிலிருந்து)

அணுப்பொருளா, அது கூடங்குளத்துக்காரர்கள் கவலை என்கிறீர்களா? டெல்லி மாயாபுரி இரும்புக் கடைக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகம், 1985 முதல் முடங்கிக் கிடந்த ஓர் ஆய்வுக் கருவியை ஏலம் விட்டது. நம்மைப் போன்ற வியாபாரிகள் எடுத்தார்கள், உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60! மணமில்லை, கதிர் கண்ணுக்கும் தெரியாது. தொழிலாளி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஐந்தேகால் ஆண்டுக்கொரு முறை வீரியம் பாதியாகும் பொருள்தான். 25 ஆண்டு கிடந்தும் கொன்றதே!

சட்டம் இல்லையா? இருந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதலே இருக்கிறது. அதன் அனுமதியின்றி இதைக் கைமாற்றக் கூடாது. மெத்தப் படித்தவர்கள் விதியை மீறினார்கள்; உயிர் போனதோ ஏழைக்கு! வாரியத்துக்கு விஷயம் தெரிந்தது, ஆட்கள் நோயில் விழுந்த பிறகுதான். இதுவா கண்காணிப்பு?

கல்வராயன் மலை ஊர்கள்வரை போய்ப் பழைய சாமான் எடுக்கும் இளைஞர்களே! அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளையோ, மஞ்சளில் மூன்று இதழ் விசிறிக் குறியோ கண்டால் வெட்டாதீர்கள். குறி அழிந்தும் இருக்கலாம். ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஆலை, மருத்துவமனை, கல்லூரி ஏலமென்றால் ‘கதிரியக்கப் பொருள் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறார்களா? சரக்கு அங்கேயே கிடக்கட்டும்.