படப்பெட்டியும் குடும்ப வரவுசெலவும்



நம் குடியிருப்பில் காமிரா ஆசை பெருகியிருக்கிறது. மாதச் சம்பளமோ அளவோடு நிற்கிறது. மேடையில் ஆடும் நம் குழந்தையைப் படமெடுக்கிறோம். படம் கலங்கிப்போகிறது. உடனே பெட்டியையே மாற்ற எண்ணுகிறோம். அவசரம் வேண்டா என்கிறோம்.

குறை பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது. பெட்டியோடு வரும் சிறிய ஜூம் லென்ஸை முழுதும் நீட்டினால், அதன் துளை எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸோ ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். நொடியில் 15-இல் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டருக்கு 150-இல் ஒரு பங்கே போதும். சுழலும் கையும் பெரிதும் கலங்காது. விலையும் புதிய பெட்டியைவிட மிகக் குறைவு. ஆனால் அது ஜூம் ஆகாது. நாமே எழுந்து முன்னே செல்ல வேண்டும். முன்வரிசைப் பெரியோர்கள் பொறுத்தருள்க!

பெட்டி விரைவில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் நிலைக்கும். நைகான் நிறுவனம் 1959-இல் அமைத்த எஃப் மவுண்ட்டே அதன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் தொடர்ந்தது. ஆயினும் டி3500 போன்ற பெட்டிகளில் குவிப்பு மோட்டார் இல்லை, பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களைக் கையால்தான் குவிக்க வேண்டும். விசாரித்து வாங்குக.

பழைய லென்ஸ் வாங்குவோர் அதை விளக்கொளியில் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மழைக்காலத்தில் அலமாரிக்குள் கிடந்த கண்ணாடியை அது எளிதில் பற்றும்.

அடுத்த போனஸில் உறுதியான முக்காலி ஒன்று வாங்கலாம். புதுப் பெட்டியின் முறை அதற்குப் பின்புதான்.