அழுகலும் கல்லும்



ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு மெல்லுடல் உயிர்களின் புதைபடிவங்களை எடுத்துக்கொண்டதற்கு உங்கள் கடியப்பட்டணத்துக் கரைதான் காரணம். கரமடி வலையில் சொறி என்னும் ஜெல்லிமீன் ஏறினால் மணலில் உதறிவிடுகிறீர்கள். அதன் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தண்ணீர். வெயில் ஏறியதும் வற்றிச் சுருங்கி, இரண்டொரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போகிறது. கணவாய் செத்தால் ஓடு மட்டும் ஒதுங்குகிறது. நாட்டு மருந்துக் கடையில் அதைக் கடல்நுரை என்று விற்கிறார்கள். சதையை நண்டும் புழுவும் தின்ன, மிச்சத்தை நுண்ணுயிர்கள் கரைத்துவிடுகின்றன.

பழைய கடலிலும் இதுதான் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில், கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட்டுகளின் கூர்மையான உள்கூடுகள் களிமண்ணில் கிடக்கின்றன. வயது சுமார் 10 கோடி ஆண்டு. அரியலூர்ப் பகுதியின் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிஸ்கா 1860களிலேயே விரிவாக எழுதினார். எல்லாம் ஓடும் கூடும்தான். அவற்றின் கைகளும் கண்களும் நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் மெல்லுடல் எங்கே நின்றது? கனடாவின் பர்ஜெஸ் ஷேல் என்னும் களிப்பாறையில் 1909இல் ஆய்வாளர் வால்காட் கண்டெடுத்த உயிர்கள் சுமார் 51 கோடி ஆண்டு பழையவை. சேற்றுப் பெருக்கு அவற்றை அடித்துக்கொண்டுபோய், ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் மூடியது. கண்ணும் குடலும் மெல்லிய கரிப்படலமாக நின்றன. சீனத்தின் செங்ஜியாங்கில் 1984இல் அதைவிடப் பழைய கூட்டம் கிடைத்தது.

காற்றுப் புகாத சேறு இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். போதாது. ஆக்சிஜன் இல்லாமலும் அழுகல் நடக்கும். அதற்கென்றே நுண்ணுயிர்கள் உண்டு. ஆய்வாளர்கள் டெரெக் பிரிக்ஸும் அமண்டா கியரும் 1990களில் இறால்களை மூடிய பாத்திரங்களில் அழுகவிட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் தசையின் ஒரு பகுதி கால்சியம் பாஸ்பேட்டாக மாறியிருந்தது. அழுகும்போது சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை மாறுகிறது. அந்த நீரில் பாஸ்பேட், தசை இருந்த இடத்திலேயே படிகிறது. உடலைக் கரைக்கும் நுண்ணுயிர்தான் அதைக் கல்லாக்கவும் வழி செய்கிறது. அழுகல் முந்துகிறதா, கனிமம் முந்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த உண்மை இது.

மணலிலும் கனிமம் அழுகலை முந்தியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் எடியாகரா மலையில் 1946இல் ரெக் ஸ்பிரிக் கண்ட உயிர்களின் பதிவு மணற்கல்லில்தான் இருந்தது. அன்றைய கடலடியை நுண்ணுயிர்ப் பாய் தோல்போல் மூடியிருந்தது. அதை மேய்ந்து குடைந்து கலைக்கும் விலங்குகள் மிகக் குறைவு. புயல் கொட்டிய மணலுக்கு அடியில், பாயில் நடந்த வேதிவினையால் மணல் இறுகி உடலின் அச்சு பதிந்தது என்று ஆய்வாளர் கெஹ்லிங் 1999இல் விளக்கினார். அங்கிருந்த டிக்கின்சோனியா என்ற உயிர் ஒரு விலங்குதான் என்பதற்கு, ரஷ்யாவின் வெண்கடல் கரையில் கிடைத்த 55.8 கோடி ஆண்டு பழைய மாதிரிகளில் கொலஸ்ட்ரால் சுவடு 2018இல் சான்றானது.

ஏறத்தாழ அதே காலகட்டத்தில் இந்தக் குமரிப் பகுதியின் பாறைகள் பூமிக்கு அடியில், கடும் வெப்பத்தில் உருமாறிக்கொண்டிருந்தன. இங்குள்ள சார்னோகைட், கோண்டலைட் பாறைகள் அப்படி வெந்தவை. அவற்றில் புதைபடிவம் தேடிப் பயனில்லை.

இந்தியாவில் டிக்கின்சோனியா கிடைத்ததாகவே ஒருமுறை செய்தி வந்தது. போபாலுக்கு அருகே பீம்பேட்கா குகைக் கூரையில் கண்ட வடிவத்தை ஆய்வாளர் கிரகரி ரெட்டலாக்கும் உடனிருந்தோரும் 2021இல் அவ்வாறு அறிவித்தார்கள். ஆய்வாளர் ஜோசப் மீர்ட்டின் குழு நேரில் போய்ப் பார்த்தபோது அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. தேன்கூட்டின் எச்சம் என்று 2023இல் எழுதினார்கள். ரெட்டலாக் அதை ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்ட விதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வடிவம் ஒத்திருப்பது சான்றாகாது. அது எப்படிப் புதைந்தது, எதனால் கல்லானது என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்க கனடா போகவேண்டியதில்லை. இங்குள்ள பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே அளவுள்ள இரண்டு கணவாய்களை எடுத்து, ஒன்றைக் கரை மணலிலும், மற்றொன்றைச் சேற்றோடு மூடிய பாத்திரத்திலும் புதைத்து வையுங்கள். பாத்திரத்தில் வாயு சேரும், மூடியை இறுக்காதீர்கள். கையுறை போட்டு, வாரம் ஒருமுறை திறந்து, எது முதலில் போனது, எது நின்றது என்று தேதியிட்டு மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்தக் குறிப்பேட்டை அவர்களே வாசிக்கட்டும்.