கட்டியை எடுத்தால் பையும் போய்விடுமா?

ரெம்பாவ், பெடாஸ், செம்போங் பக்கத் தோட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, அக்காமார்களே, இன்று உங்களோடுதான் பேச்சு.

மாதவிலக்கு நாட்களில் விடிகாலைப் பெரட்டுக்கே இரண்டு பேடு வைத்து, கறுப்புச் சிலுவார் போட்டுக்கொண்டு போகிற பெண்கள் நம்மிடையே உண்டு. வேலை பாதியிலேயே அதுவும் நனைந்துவிடும். நிரையில் கழிப்பறைக்கு எங்கே போவது? ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடித்துச் சமாளிப்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால், ரத்தம் குறைந்து வெளுத்துக் கிடக்கும்.

இப்படி ரத்தம் அதிகமாகப் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அடிக்கடி காண்பது, கர்ப்பப்பைச் சதையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி. அது புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம். தொந்தரவு தராத கட்டியை அறுக்கவே வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும்.

தொந்தரவு தந்தால்? ‘பையையே எடுத்துடுவாங்க’ என்ற பயத்திலேயே பலர் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. பையைக் காக்கவும் வழி உண்டு. லண்டனில் முன்பு விக்டர் பானி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இதே கட்டிக்காக அவர் மனைவியின் கர்ப்பப்பையை இளவயதிலேயே எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாமல் போயிற்று. கட்டியை மட்டும் எடுத்துப் பையைக் காப்பதில் அவர் தம் உழைப்பைக் கொட்டினார். அறுவையின்போது ரத்தக்குழாய்களை நெரித்துப் பிடிக்க ஒரு கவ்வியே செய்தார். ஒரே பெண்ணிடமிருந்து 225 கட்டிகளை எடுத்து, பையை விட்டுவைத்தார்!

இன்றும் முறை ஏறக்குறைய அதுதான். அடிவயிற்றில் குறுக்கே கீறி, கட்டியை உறையிலிருந்து உரித்தெடுத்து, குழியை அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். சிலருக்குச் சிறு துளைகள் வழியாகவும் முடியும். உட்குழிக்குள் துருத்தும் கட்டியை வயிற்றில் கீறாமலே எடுக்கலாம். கட்டி மறுபடி வளர வாய்ப்புண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைப்பேறு முடிந்து, ரத்தப்போக்கில் தவிப்பவருக்குப் பையை எடுப்பதே நிம்மதி தரலாம். முடிவு உங்களுடையது. ‘கட்டியை மட்டும் எடுக்க முடியுமா டாக்டர்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முதலில் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் ரத்தம் பாருங்கள். தேவைப்பட்டால் செரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து ஏற்றிய பிறகே கத்தி வைப்பார்கள். அதற்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வயிற்றில் கீறியிருந்தால் ஆறு வாரம்வரை உதிரிப்பழச் சாக்கு, தண்ணீர்த் தோம்பு எதையும் வீட்டுப் பெண்களைத் தூக்க விடாதீர்கள். டாக்டர் கொடுத்த எம்.சி.யை அன்றே மண்டோரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.