பேய் என்பாரும் ஜின் என்பாரும்
(செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனம் நொந்து வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லுகிறவன், தன் ஜாதியும் மதமும் பழக்கமும் அல்லாத ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் எப்படி நடந்து கொள்ளுவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செஞ்சியில் இதைப் பேசுவது பொருத்தந்தான். இந்தக் கோட்டையை நாயக்கர் ஆண்டார்கள். பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லோரும் பிடித்தார்கள். வேங்கடரமணர் கோவிலும் சாதத்துல்லாகான் மசூதியும் இங்கேயே இருக்கின்றன. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர் மடம் இருக்கிறது. சுற்று வட்டத்தில் இருளர் குடிசைகள் இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் தூக்கம் கெடும், பயம் வரும். அதைச் சொல்லும் வார்த்தைதான் வேறு. ஒருவர் பேய் என்பார், ஒருவர் ஜின் என்பார், ஒருவர் செய்வினை என்பார், நாலெழுத்து இங்கிலீஷ் படித்தவர் டென்ஷன் என்பார். பேய் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துன்பம் இருக்கிறதா இல்லையா?

என் தப்பிதத்தையே சொல்லுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் தன் மகனை அழைத்துக் கொண்டு என்னிடம் வந்தார்கள். ராத்திரியெல்லாம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறான் பையன். "மூணு அமாவாசை மலையனூர் போயாச்சுங்க ஐயா, ஆத்தா இன்னும் மனசு வைக்கலை" என்றார்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் என்ன செய்தேன்? ஆத்தா உண்டா, பேய் உண்டா என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். வாதத்தில் ஜெயித்தும் விட்டேன். அந்த அம்மாள் தலை குனிந்து போனவர்கள் மறுபடி வரவே இல்லை. பையன் சாப்பிடுகிறானா, சாக வேண்டும் என்று பேசினானா, ஒன்றையும் நான் கேட்கவில்லை.

"அப்படியானால் சுயமரியாதைக்காரன் பூசாரிக்கு ஏஜெண்டாக வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். ஓட முடியாமல் செத்தார்கள், தோழர்களே! 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடுத்திருக்கிறது. அந்த விஷயத்தில் எவனோடும் ராஜி கிடையாது. ஆனால் அதே ஏர்வாடியில் பிற்பாடு என்ன செய்தார்கள்? தர்க்காவுக்கு வருகிறவர்களை விரட்டாமல், அங்கேயே டாக்டரை உட்கார வைத்தார்கள். துவா செய்கிறவர் செய்யட்டும், மருந்தும் சாப்பிடட்டும் என்றார்கள். குஜராத்தில் மீரா தாத்தர் தர்க்காவிலும் இப்படியே நடக்கிறது. தர்க்காவை விட்டால்தான் மாத்திரை என்றிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் 2013-ல் போட்ட புத்தகத்தில் இதற்கென்றே 16 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் கஷ்டத்தை நீங்கள் எப்படிச் சொல்லுவீர்கள், எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள், வீட்டார் என்ன நினைக்கிறார்கள், முன்பு யாரிடம் போனீர்கள், இந்த மாதிரி. நம் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவைதான்!

ஆனால் நம் நாட்டில் அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி உண்டு. "நீ எந்தத் தெரு?" அதைக் கேட்டு, பதில் வந்ததும் முகம் மாறுகிறவனுக்கு ஆலோசனை சொல்ல என்ன யோக்கியதை? இருளப் பெண் வாசற்படியில் நின்று பேசினால், முதலில் நாற்காலியைப் போடு. சேரிப் பையன் ஒருவன் ஊர்த்தெருவில் அடி வாங்கிவிட்டுத் தூக்கமில்லை என்று வருகிறான். "மனதை அடக்கு, பொறுத்துப் போ" என்பது வைத்தியமா? அடித்தவன் பேச்சையல்லவா நாமும் பேசுகிறோம்! மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று தாய் தகப்பன் கூட்டி வருவார்கள். அந்தப் பெண்ணைத் தனியே கேட்டால், வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள் என்பதுதான் பேயாக இருக்கும். ஆகையால் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவள் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள்.

டாக்டரிடம் போக வெட்கப்படுகிறவர்களுக்கு 14416 என்ற டெலிபோன் இருக்கிறது. சர்க்கார் 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வருகிற அமாவாசைக்கு மலையனூர் பஸ் ஏறுகிறவர்களை வழிமறித்து வாதம் செய்ய வேண்டாம். மாத்திரைச் சீட்டு பையில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் இந்த நம்பரை எழுதிக் கொடுங்கள்.