இலவங்கப்பட்டைக் கஷாயம்



பட்டையின் தடிப்பைக் கத்தி முனையிலேயே அறிகிறவர்கள் நீங்கள். கடையில் வாங்கும் இலவங்கப்பட்டையையும் அதே கண்ணால் பாருங்கள். அதன் கஷாயம் கரகரத்த தொண்டைக்கு இதமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டையில் வகையுண்டு. இலங்கைப் பட்டை மெல்லியது. சுருட்டுப் போலப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும். மலிவான இந்தோனேசியப் பட்டையோ தடித்தது, ஒரே அடுக்கு. இதில்தான் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் அதிகம் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் கெடும் என்று ஜெர்மன் அரசு நிலையம் 2006இல் எச்சரித்தது. ஐரோப்பாவில் வகுத்த வரம்பு, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் கூமரின். கறியில் போடும் துண்டுக்குப் பயம் வேண்டாம். தினமும் தூளைக் கரண்டி கரண்டியாக விழுங்குவதே வினை. கல்லீரல் நோயாளிகள் டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. இனிப்புநீருக்குப் பட்டையே போதுமென்று கிளினிக் மாத்திரையை நிறுத்தியிருப்பவர்கள், நாளைக் காலையே மறுபடி கிளினிக்குக்குப் போங்கள்; பட்டைத் தூளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.