மீண்டும் ஒரு தேங்காய் மாசிக் கதை

(பதுளையில் தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று நம் பாட்டன் பூட்டனிடம் சொன்னான் ஆள்கட்ட வந்த கங்காணி. நம்பினார்கள்; கடல் கடந்தார்கள்; மலையேறினார்கள். கிடைத்தது என்ன என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கங்காணிக்காவது முகம் இருந்தது, ஊர் இருந்தது. இன்று நம் லயத்துக்குள், நம் பிள்ளையின் உள்ளங்கைக்குள் வந்து ஆசை வார்த்தை பேசுகிறவனுக்கு முகமே இல்லை. இருக்கும் முகமும் இரவல் முகம்!

கைப்பேசி நம் வீட்டுக்கு எப்படி வந்தது? ஆடம்பரத்துக்கா வாங்கினோம்? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். சீட்டுப் போட்டும் நகையை அடகு வைத்தும் வாங்கினோம். இதே ஊவாவின் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் அலைவரிசை தேடிக் காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறியது உலகச் செய்தித்தாள்களில் படமாக வந்தது. கல்விக்காக வந்த கருவி அது. பிடுங்கி அடுப்பில் போடுங்கள் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை.

பள்ளி திறந்தது, கைப்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது. காலையில் பெரட்டுக்குப் போகும் தாய், கொழுந்து நிறுத்து மாலையில்தான் திரும்புகிறாள். இன்னொரு தாயோ சவூதியில், குவைத்தில். பிள்ளை பாட்டியின் காவலில். பாட்டிக்கோ திரையில் ஓடுவது என்னவென்று தெரியாது. முகநூலும் டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும் 13 வயதுக்கு உட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. பிறந்த ஆண்டை மாற்றித் தட்டினால் தீர்ந்தது விதி! ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்கு உட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பைக் கம்பனிகளின் தலையிலேயே சுமத்தியது. அது பலிக்குமா என்பது வேறு. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்காவது விடை கிடைத்தது.

வலை வீசுகிறவன் முதல் நாளே வலையைக் காட்டமாட்டான். 'அழகாக ஆடுகிறாய்' என்பான். தனக்கும் வயது 15 என்பான். ரீலோட் போட்டுவிடுவான். ஒரு மாதம் கழித்து ஒரு படம் கேட்பான். படம் போனதும் குரல் மாறும்: 'இன்னொன்று அனுப்பு, இல்லையேல் உன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவேன்.' அந்த இரவில் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? தாய்மார்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், உங்களிடம் வருமா? அடிப்போம், பள்ளியை நிறுத்துவோம், அவசரமாக எவன் கையிலாவது பிடித்துக் கொடுப்போம் என்று அஞ்சியல்லவா வாய் மூடுகிறது! மிரட்டுகிறவன் பிழைப்பதே அந்த அச்சத்தை நம்பித்தான்.

2021இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தில் விளம்பரம் செய்து விற்கப்பட்டாள். கைதானவர் பலர், பதவியில் இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. கொழும்புப் பக்கம் நடந்தால் செய்தி. தோட்டத்தில் நடந்தால் வதந்தி!

சட்டம் இல்லையா? இருக்கிறது. கணினி வழிச் சேவை தருகிறவர், அது சிறுவரைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்யப் பயன்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் சிறுவர் பற்றிய பிரிவு உண்டு. அச்சட்டம் பேச்சுரிமையின் கழுத்தில் வைத்த கத்தி என்று கண்டனம் எழுந்தது. நாமும் அதையே சொல்கிறோம். பிள்ளைகளைக் காட்டிப் பெரியவர்களுக்கு வாய்ப்பூட்டுப் போடுவதை ஏற்பதற்கில்லை. சட்டம் எத்தனை இருந்தென்ன? தோட்டத்துத் தாய் தன் மொழியில் சொல்லும் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளப் பொலிஸ் நிலையத்தில் ஆள் வேண்டாமா? பெண்பிள்ளையின் துயரைத் துபாசி வைத்தா சொல்வது? நிலையந்தோறும் தமிழறிந்த பெண் அதிகாரி ஒருவர் வேண்டும். சம்பளக் கோரிக்கையோடு இதையும் சங்கங்கள் மேசையில் வைக்கட்டும்.

அதுவரை? மிரட்டல் வந்தால் பணமும் கொடுக்காதீர்கள், படமும் கொடுக்காதீர்கள். பதறிப்போய் அழித்துவிடாதீர்கள், அவன் கணக்கின் பெயரும் மிரட்டி எழுதியவையும்தான் சாட்சி. பிள்ளையின் படத்தை மட்டும் எவருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள். 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது; இரவிலும் அழைக்கலாம்.

இன்றிரவு லயத்துக்குப் போனதும், 'என்ன நடந்தாலும் என்னிடம் வா, அடிக்கமாட்டேன்' என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். இலக்கத்தைக் கதவின் உட்புறம் கரியால் எழுதுங்கள். பாட்டிக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.